கூட்டுப் பட்டியல் சேவை (வீட்டு விற்பனை)

கூட்டுப் பட்டியல் சேவை என்பது ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுத் தரகர்கள், தம்மிடம் விற்பனைக்கு வந்த வீடுகளின் விபரங்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் தரவுத்தளம் ஆகும். இது சுருக்கமாக எம்.எல்.எஸ். எனப்படும். நாடு முழுவதற்கும் பொதுவான தளம் ஒன்று இல்லை. வட்டாரந்தோறும் தனித்தனியாக நூற்றுக்கணக்கானவை இயங்குகின்றன. சில்லோ போன்ற இணையத்தளங்களில் பொதுமக்கள் காணும் வீடுகளுள் பெரும்பாலானவை இத்தரவுத்தளங்களிலிருந்தே பெறப்படுகின்றன. ஆகையால், தரகர் வழியாக விற்கப்படும் வீட்டை எப்போது, எங்கே விளம்பரம் செய்யலாம் என்பதில் உரிமையாளரின் விருப்பத்துக்கு இணையாக இச்சேவையின் விதிகளுக்கும் பங்கு உண்டு.

தோற்றம்

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரகர்கள் சங்க அலுவலகங்களில் கூடி, தம்மிடமுள்ள வீடுகளின் விபரங்களைப் பரிமாறிக் கொண்டனர். விற்க உதவியவருக்குத் தரகில் பங்கு தரப்பட்டது. 1908 ஆம் ஆண்டு சிக்காகோவில் தொடங்கப்பட்ட அமைப்பே இன்றைய தேசிய நிலத்தரகர் சங்கம். பெரும்பாலான பட்டியல் சேவைகள் இச்சங்கத்தின் விதிகளைப் பின்பற்றுகின்றன.

இணையத்தில் காட்டுதல்

ஒரு தரகரின் பட்டியலை மற்றொரு தரகர் தம் இணையத்தளத்தில் காட்டலாமா என்பது நெடுநாள் சிக்கலாக இருந்தது. இணையவழித் தரகர்களுக்குத் தம் பட்டியலை மறுக்க மற்றவர்களுக்கு இடமளித்த விதியை எதிர்த்து, அமெரிக்க நீதித்துறை 2005 ஆம் ஆண்டு வழக்குத் தொடர்ந்தது. 2008 ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவ்வாறு மறுப்பது தடை செய்யப்பட்டது. தரகருக்கு இல்லாத இவ்வுரிமை உரிமையாளருக்கு உண்டு. தம் வீட்டையோ அதன் முகவரியையோ இணையத்தில் காட்ட வேண்டாம் என அவர் எழுதிக் கொடுக்கலாம்.

ஒரு நாள் விதி

2019 நவம்பரில் ஏற்கப்பட்டு 2020 இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஒரு வீட்டைப் பொதுவில் விளம்பரம் செய்த தரகர், ஒரு வேலை நாளுக்குள் அதனைக் கூட்டுப் பட்டியலில் சேர்த்தல் வேண்டும். வாசலில் நடும் பலகை, சாளரத்தில் ஒட்டும் துண்டறிக்கை, இணைய விளம்பரம், பலருக்கு அனுப்பும் மின்னஞ்சல் ஆகிய அனைத்தும் பொது விளம்பரமே. ஒரே நிறுவனத்தின் தரகர்களுக்குள் மட்டும் விற்க முயல்வதற்கு விலக்கு உண்டு.

இவ்விதியை உரிமையாளர் சிலர் விரும்பாமைக்குக் காரணம் நாட்கணக்கு. பட்டியலில் சேர்ந்த நாள் முதல் வீடு எத்தனை நாட்களாக விற்காமல் இருக்கின்றது என்பது பதிவாகின்றது. விலைக் குறைப்பும் அவ்வாறே. அறுபது நாள் கடந்த வீட்டைக் காண்பவர், அதில் ஏதோ குறை இருப்பதாக எண்ணி விலையைக் குறைத்துக் கேட்பார். ஆகவே முதலில் அமைதியாக விலையைச் சோதித்துப் பார்க்க உரிமையாளர் எண்ணுகிறார். இது நியாயமான எண்ணமே. ஆனால் வீட்டைக் காண்போர் குறைந்தால் போட்டியும் குறையும். மேலும், இரு பக்கத் தரகும் ஒரே நிறுவனத்துக்குக் கிடைக்குமாதலால், மறைவான விற்பனையைப் பரிந்துரைக்கும் தரகரின் நலனும் உரிமையாளரின் நலனும் எப்போதும் ஒன்றல்ல. அந்நிறுவனத்தை அறியாத வாங்குபவருக்கோ, அவ்வீடு விற்பனைக்கு வந்ததே தெரியாமற் போகலாம்.

2025 மார்ச்சில் சங்கம் ஓர் இடைவழியை அறிவித்தது. இதன்படி உரிமையாளர் கையொப்பமிட்டால், வீடு தரகர்களின் பட்டியலில் இருக்கும். ஆயின் வட்டாரச் சேவை வரையறுக்கும் காலம் வரை பொது இணையத்தளங்களுக்குச் செல்லாது. அடுத்த மாதமே சில்லோ நிறுவனம், பொதுவில் விளம்பரம் செய்தும் பரவலாகக் கிடைக்கச் செய்யாத வீடுகளைத் தன் தளத்தில் காட்டமாட்டேன் என அறிவித்தது.

சொற்களும் தரகும்

விளம்பர வாசகமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே. 1968 ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம், இனம், நிறம், சமயம் முதலியவற்றின் அடிப்படையில் விருப்பு வெறுப்புக் காட்டும் விளம்பரங்களைத் தடை செய்கின்றது. பிள்ளைகள் உள்ள குடும்பங்களையும் மாற்றுத்திறனாளிகளையும் ஒதுக்குவதற்கான தடை 1988 இல் சேர்க்கப்பட்டது. எனவே விளம்பரத்தில் வீட்டை வருணிக்கலாம். அதில் யார் குடியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லலாகாது.

வாங்குபவரின் தரகருக்கு எவ்வளவு தரப்படும் என்பதைப் பட்டியலிலேயே குறிக்கும் வழக்கம் 2024 ஆகத்து 17 உடன் முடிவுக்கு வந்தது. 41.8 கோடி டாலர் இழப்பீட்டுக்குச் சங்கம் உடன்பட்ட வழக்குத் தீர்வின் விளைவு இது. அத்தொகையைப் பட்டியலுக்கு வெளியே பேசித் தீர்மானிக்கத் தடையில்லை.