பத்து வருஷமா கூட இருந்தது யாரு?

மறதி நோய் ஆய்வில் முதியவரைச் சோதித்தால் மட்டும் போதாது. அவரை நன்றாகத் தெரிந்த இன்னொருவரிடமும் கேட்பார்கள். ஐக்யூகோட் என்ற வினாத்தாள் முழுக்க ஒரே ஒப்பீடுதான்: பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட இப்போ எப்படி? பொருளை எங்கே வைத்தோம் என்ற நினைவு, கடைக்கணக்கு, இப்படி. 60 வயது தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு இந்த நோய் என 2023-ல் மதிப்பிட்ட லாசி-டாட் ஆய்விலும் இப்படி ஒருவரைக் கேட்டார்கள்.

சின்ன வயசிலேயே குளச்சலை விட்டுப் போன ஒரு திருநங்கையை நினைத்துப் பாருங்கள். ஊரில் இருக்கும் அண்ணனுக்கு என்ன தெரியும்? ஜமாத்தில் மகளாக ஏற்றுக்கொண்டு, ஒரே வீட்டில் சோறு பொங்குகிறவளுக்குத்தான் தெரியும். அண்ணனைக் கேட்டால் மதிப்பெண்ணே தப்பாக வரும். (எங்க தொழிலில் இதை இன்புட் கோளாறு என்போம்.) ஒரே பாலின ஜோடிகளுக்கும் இதே சிக்கல், 2023 அக்டோபர் தீர்ப்புக்குப் பிறகும் சட்டப்படி அவர்கள் வாழ்க்கைத்துணை இல்லை.

படிவத்தில் ‘என்ன உறவு?’ என்பதற்கு முன்னால் ‘எத்தனை வருஷமா கூட இருக்கீங்க?’ என்று கேட்கலாமே.