பட்டணத்து வியாதியா இது?

"அது பட்டணத்துக்காரிகளுக்கு வர்ற வியாதி. புட்டிப்பால் கொடுக்கிறவங்களுக்கு வரும். நமக்கு எதுக்கு வரப் போகுது?"

மார்பகப் புற்றுநோய் என்று பேச்செடுத்தால் எங்கள் தாராசுரத்தில் இன்றைக்கும் கேட்கிற பதில் இது. பட்டுத்தறி வீட்டு அக்காவும் இதைத்தான் சொல்கிறார். நடவுக்குப் போகிற பெண்ணும் இதைத்தான் சொல்கிறாள். அறியாமை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. ஏனென்றால் இதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆபத்து!

சுமார் 300 வருடங்களுக்கு முன்பே ராமஸ்ஸினி என்ற இத்தாலிய டாக்டர், கன்னிமாடத்துத் துறவிப் பெண்களுக்கு இந்த நோய் அதிகம் வருவதைக் கவனித்து எழுதி வைத்தார். நம் நாட்டில் 1963-ல் பம்பாயில் புற்றுநோய்க்கென்று கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே பார்சிப் பெண்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் என்று தெரிந்தது. அவர்களில் பலர் தாமதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள். குழந்தையும் ஒன்றோ இரண்டோதான். அதே மகாராஷ்டிரத்தில் பார்ஷி என்ற கிராமப் பகுதியில் 1987 முதல் எடுத்த கணக்கிலோ, பம்பாயைவிட மிகக் குறைவு. தாய்லாந்திலும் இதே கதைதான். பாங்காக்கில் அதிகம், நெல் விளைகிற வடகிழக்குப் பக்கத்தில் குறைவு.

அப்படியானால் ரத்தத்தில் இருக்கிறதா? சில குடும்பங்களில் அம்மா, பெண், சகோதரி என்று பரம்பரையாக வருவது உண்மைதான். ஆனால் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோன பெண்களைப் பாருங்கள். ஜப்பானில் இந்த நோய் குறைவு. போன இடத்திலோ மகள், பேத்தி காலத்தில் ஏறிக்கொண்டே போயிற்று. ரத்தம் அதேதான், வாழ்க்கைதான் மாறிவிட்டது.

சின்ன வயதில் முதல் பிரசவம், நிறையக் குழந்தைகள், நெடுநாள் தாய்ப்பால், இவையெல்லாம் ஓரளவு காப்பு. 30 நாடுகளின் ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். தாய்ப்பால் கொடுக்கிற ஒவ்வொரு 12 மாதத்துக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம் குறைகிறதாம். இதற்காகப் பதினாறு வயதில் கல்யாணம் செய்யச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்! பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நாளைக் குறைக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கேயும் இப்போது பெண்கள் படித்து, வேலைக்குப் போய், இருபத்தைந்து தாண்டித்தான் கல்யாணம். ஒன்றிரண்டு குழந்தைகள். அம்மியும் உரலும் திண்ணையோரம் கிடக்கின்றன. மாதவிலக்கு நின்ற பிறகு ஏறுகிற எடையும் இந்த நோய்க்கு ஒரு காரணம். சென்னையில் 1982-ல் கணக்கு எழுதத் தொடங்கியபோது பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான் முதலிடம். இன்று அந்த இடத்தில் மார்பகம். பட்டணத்துக்கும் நமக்கும் இருந்த தூரம் குறைந்துகொண்டே வருகிறது.

குறைவு என்றால் யாருக்குமே வராது என்று அர்த்தமா? எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள், வயல் வேலை செய்தவர். "நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தவ நான், எனக்கா வரும்?" என்று பத்து மாதம் கட்டியை மறைத்து வைத்திருந்தார். வலிக்கவில்லையாம், அதனால் பால் கட்டியிருக்கும் என்று நினைத்தாராம். கடைசிப் பிள்ளைக்கு அப்போது பத்தொன்பது வயது! மகளிடம் சொன்னபோது நோய் எலும்புக்குப் போய்விட்டது. அடுத்த ஆடிக்கு அவர் இல்லை.

ஆரம்பத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. தோல் குழிவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தம் கசிவது, அக்குளில் கட்டி, இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை, ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாதவிலக்கு முடிந்த சில நாளில் குளிக்கும்போது நாமே தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய மெஷின் எல்லாம் வேண்டுமே என்று மலைக்காதீர்கள். மும்பையில் 1998-ல் தொடங்கி, சுமார் ஒன்றரை லட்சம் குடிசைப்பகுதிப் பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கையால் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் இந்த நோயால் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததாக 2021-ல் எழுதினார்கள்.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயது தாண்டியவர்களுக்கு இந்தக் கைப் பரிசோதனை இலவசம். நர்ஸம்மாவிடம் கேளுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஓரகத்தியையோ நாத்தனாரையோ கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கும் பார்த்த மாதிரி ஆச்சு.