மலையிறக்கத்தில் கியரும் கைகொடுக்கும்

போருக்குப் பின் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் சகோதரிகளில் சிலர் சாரதித் தொழிலையும் கையிலெடுத்துள்ளனர். நானும் அவர்களில் ஒருத்தி. நான் வாடகைக்கு ஓட்டுவது ஓட்டோ கியர் கார். வன்னியின் சமதரையில் ஓடிப் பழகிய எனக்கு மலைநாட்டு இறக்கம் புதிய பாடமாக இருந்தது.

ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது, கியரை 'டி'யிலேயே விட்டால் கார் வேகமெடுத்துக்கொண்டே போகும். பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். பிரேக் ஒயில் கொதித்துவிட்டால் பெடல் அடிவரை இறங்கும், கார் நிற்காது.

ஆகவே சகோதரிகளே, இறக்கம் தொடங்குமுன் வேகத்தைக் குறைத்து '2' அல்லது 'எல்' நிலைக்கு மாற்றுங்கள். சில கார்களில் 'எம்' நிலைக்கு மாற்றி, கழித்தல் அடையாளப் பக்கம் தள்ள வேண்டும். அப்போது எஞ்சினே சில்லுகளை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை இடையிடையே மிதித்தால் போதும்.

எஞ்சின் மட்டும் வேகத்தைக் குறைக்கையில் பிரேக் விளக்கு எரியாது. பின்னால் வாகனம் வந்தால் பிரேக்கை மெல்லத் தொட்டுக் காட்டுங்கள். மழையில் திடீரெனக் கியரைக் குறைத்தால் சில்லு வழுக்கும். பெற்றோலை மிச்சம் பிடிக்கவென நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள்.

காரில் ஏறியவர்களும் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளும் நம்மை நம்பியே இருக்கிறார்கள்.