சென்டார் கப்பல் மூழ்கிய இடம்

1943-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் விடியுமுன், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரைக்கு அப்பால் சென்று கொண்டிருந்த ‘சென்டார்’ என்னும் மருத்துவமனைக் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலொன்று டார்பிடோவால் தாக்கியது. செஞ்சிலுவைகள் தெரிய விளக்குகள் ஒளிர்ந்த அக்கப்பல் மூன்றே நிமிடங்களில் மூழ்கிற்று. அதிலிருந்த 332 பேரில் 268 பேர் மாண்டனர். பன்னிரண்டு தாதியருள் ஒருவரே பிழைத்தார். தெப்பங்களில் மிதந்தவர்களை மறுநாள் பிற்பகலில் அமெரிக்கப் போர்க்கப்பலொன்று மீட்டது.

மூழ்கிய இடம் யாது? அபாயச் செய்தி அனுப்ப அவகாசம் இருக்கவில்லை. மீட்கப்பட்ட இடமோ தாக்குண்ட இடமாகாது. காற்றும் நீரோட்டமும் தெப்பங்களை நெடுந்தொலைவு கொண்டு சென்றிருந்தன. எஞ்சியது, உயிர் தப்பிய இரண்டாம் அதிகாரி ரிப்பன் கூறிய கணக்கு. கடைசியாக அறிந்த இடம், செல்லும் திசை, வேகம், கழிந்த நேரம் ஆகியவற்றைக்கொண்டு இருக்குமிடத்தைக் கணிப்பது மாலுமிகளின் பழைய முறை. வேகத்தில் நேரும் சிறு பிழையும் மணிக்கு மணி பெருகுமாதலின், அக்கணக்கைப் பலர் ஐயுற்றனர்.

1995-இல் மோர்ட்டன் தீவின் கலங்கரை விளக்கத்திலிருந்து ஒன்பது கடல் மைல் தொலைவில் கிடந்த சிதைவொன்று சென்டார் என அறிவிக்கப்பட்டது. கடற்படத்திலும் அவ்வாறே குறிக்கப்பட்டது. எட்டாண்டுகள் கழித்தே உண்மை தெளிவாயிற்று. அது, 1951-இல் விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சியில் மூழ்கடிக்கப்பட்ட ‘கியோகிள்’ என்னும் சிறு சரக்குக் கப்பல்!

2009 டிசம்பரில் டேவிட் மெர்ன்ஸ் என்னும் ஆய்வாளரின் குழு முறையாகத் தேடத் தொடங்கிற்று. இத்தகைய தேடலில் ஒலிக்கருவியை நீண்ட வடத்தில் கட்டி ஆழத்தில் இழுத்துச் செல்வர். அது இருபுறமும் ஒலித்துடிப்புகளை வீசும். மென்மையான சேறு மங்கலாகவும் இரும்பு வலிமையாகவும் எதிரொலிக்கும். உயர்ந்து நிற்கும் பொருளின் பின்னே ஒலி எட்டாததால் அங்கு ‘நிழல்’ விழும். நிழலின் நீளத்திலிருந்து பொருளின் உயரத்தைக் கணக்கிடலாம். ஆனால் பாறையும் வலிமையாக எதிரொலிக்குமன்றோ? அப்பகுதியின் கடற்றரையோ பள்ளத்தாக்குகள் நிறைந்தது. ஆகவே ஐயத்திற்குரிய ஒவ்வோர் எதிரொலியையும் கப்பலின் நீள அகலங்களோடு ஒப்பிட வேண்டியிருந்தது.

டிசம்பர் 20-ஆம் நாள், 2,059 மீட்டர் ஆழத்தில், குறுகிய பள்ளமொன்றினுள் சென்டார் காணப்பட்டது. அடுத்த மாதம் இறக்கப்பட்ட நீரடிக் கேமரா, செஞ்சிலுவையையும் 47 என்னும் அடையாள எண்ணையும் காட்டிற்று. ரிப்பன் குறித்த இடத்திற்கும் அப்பள்ளத்திற்கும் இடையே இருந்த தொலைவு ஏறத்தாழ ஒரு கடல் மைல்.