மாத்திரையை நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்

ஸ்கூடாய் - மனநல மாத்திரை சாப்பிடத் தொடங்கி இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். திடீரெனக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். கண்கள் மேலே செருகும், தாடை இறுகும். பார்ப்பவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று பயந்து வேப்பிலை அடிக்க ஆள் தேடுவார்கள். உண்மையில் அது மருந்தின் பக்கவிளைவு. மருத்துவமனை அவசரப் பிரிவில் ஓர் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் சரியாகிவிடும்.

இது தெரியாமல் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. அப்படி நிறுத்தினால் காதில் குரல் கேட்பதும் காரணமில்லாத சந்தேகமும் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பி வரக்கூடும்.

ஸ்கூடாய் மக்களுக்கு மனநல மருத்துவம் தூரத்தில் இல்லை. 1930-களில் கட்டப்பட்ட பெர்மாய் மருத்துவமனை பக்கத்துத் தம்போயில்தான் இருக்கிறது. ஆனால், 'தம்போய்க்குப் போக வேண்டிய ஆள்' என்று கேலி பேசியே பழகிவிட்டோம். அதனால் அங்குச் சிகிச்சை பெறுவதைப் பலர் வெளியில் சொல்வதில்லை. மருந்து சாப்பிடுவதையே மறைக்கும்போது, அது தரும் தொல்லையை யாரிடம் பேசுவது?

நடுக்கம் ஏன் வருகிறது?

1952-இல் பாரிசில் மனநோயாளிகளுக்குக் குளோர்புரோமசின் கொடுக்கப்பட்டபோது இந்த மருத்துவம் தொடங்கியது. 1958-இல் பெல்ஜியத்தில் ஹேலோபெரிடோல் உருவானது. இவை மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையைக் குறைக்கின்றன. உடல் அசைவைச் சீராக வைத்திருப்பதிலும் டோபமினுக்குப் பங்கு உண்டு. ஆகவேதான் கைநடுக்கமும் உடல் இறுக்கமும் வருகின்றன.

சிலரால் ஓரிடத்தில் உட்கார முடியாது, நடந்துகொண்டே இருப்பார்கள். நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள், ஆனால் அதுவும் மருந்தால் வரக்கூடியதே. பல ஆண்டுகள் மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு வாயும் நாக்கும் எதையோ மெல்லுவதுபோல் தானாக அசையும். இதைக் கண்டதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமதித்தால் நிரந்தரமாகிவிடலாம்.

இனிப்பு நீர் கவனம்

ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகளில் நடுக்கம் குறைவு. ஆனால் பசி அதிகரித்து எடை ஏறும். இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் கூடும். நம்மவர்கள் இதை அலட்சியப்படுத்த முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு நீரிழிவு இருந்தது.

மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்து வைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மீண்டும், பிறகு ஆண்டுதோறும். குடும்பத்தில் இனிப்பு நீர் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இனிப்பான தே தாரிக்கையும் மைலோவையும் குறைப்பதும் தினமும் நடப்பதும் உதவும்.

வேலையும் வெட்கமும்

தூக்கக் கலக்கம் இன்னொரு தொல்லை. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் செய்பவர்களும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போகிறவர்களும் தங்கள் வேலை நேரத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை நேரத்தை மாற்றினாலே பலருக்குச் சிரமம் குறையும்.

ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளால் சில பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். குழந்தை பெறாதவர்களுக்கும் பால் சுரக்கலாம். ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் நாட்டம் குறையலாம். வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவரால் மருந்தை மாற்ற முடியாது.

உடனே போக வேண்டிய நேரம்

கடுமையான காய்ச்சலோடு உடல் விறைத்து, குழப்பமாகப் பேசினால் காத்திருக்கக் கூடாது, 999-ஐ அழையுங்கள். அரிதாக வருவது என்றாலும் உயிருக்கே ஆபத்தானது. குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை தேவை. இம்மருந்து சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் இரத்தம் எடுப்பது அதற்காகத்தான். பல நாள் மலச்சிக்கலையும் சாதாரணமாக விடக்கூடாது.

மற்ற தொல்லைகளை ஒரு சிறு புத்தகத்தில் எழுதி வையுங்கள்: என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, என்ன ஆனது. அடுத்த சந்திப்பில் அதைக் காட்டுங்கள். மலாயில் விளக்கத் தயங்கும் பெரியவர்களுடன் பிள்ளைகள் போகலாம். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், நடுக்கத்துக்குத் தனி மாத்திரை தரலாம். இவற்றை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மனம் தளர்ந்தால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம்.

"மாத்திரை சாப்பிட்டாயா?" என்று தினமும் கேட்கும் வீட்டார், "சாப்பிட்டால் உனக்கு எப்படி இருக்கிறது?" என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிறவர் மாத்திரையை ஒளித்து வைக்கத் தேவையிருக்காது.