ரிப்பேருக்குப் பின் வேன் நடுங்குகிறதா? செலவுக்கு முன் சோதனை

மீஞ்சூர், பொன்னேரியிலிருந்து காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்கும் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் கொண்டு செல்லும் சிறு பெட்ரோல் வேன்கள் நம் வியாபாரத்தின் கால்கள். ஒர்க்‌ஷாப் போய் வந்த மறுநாளே வண்டி ஐடிலில் நடுங்குவதும், துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றுவிடுவதும் நம்மவர் பலர் சொல்லும் குறை. உடனே இஞ்செக்டரை மாற்று, கம்ப்யூட்டரை மாற்று என்று பெருஞ்செலவு வைக்கிறார்கள். அதற்கு முன் நாம் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய கார்புரேட்டர் வண்டியில் ஒரு ஸ்குருவைத் திருகினால் ஐடில் சரியாகிவிடும். இஞ்செக்‌ஷன் வண்டியில் அது கம்ப்யூட்டரின் வேலை. உள்ளே போகும் காற்று, இஞ்சின் சூடு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜன் இவற்றைச் சென்சார்கள் மூலம் அறிந்து, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று அது கணக்கிடுகிறது. கணக்கில் வராத காற்று நுழைந்தால், சரக்கு இருப்பும் பேரேடும் ஒத்துப்போகாத கடையின் நிலைதான்.

ரிப்பேருக்கு முன் இல்லாத நடுக்கம் பின்பு வந்தால், முதலில் கைபட்ட இடத்தைத்தான் பார்க்க வேண்டும். பில்லை எடுத்து, எந்த வேலை நடந்தது என்று பார்த்து, கீழ்க்கண்டவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

1. காற்று ஹோஸ்கள்: கழற்றிய ஹோஸ் மாட்டப்படாமலோ, வெடித்தோ இருக்கலாம். 'உஸ்' என்ற சத்தம் அடையாளம். கசிவைக் கண்டுபிடிக்கப் பெட்ரோல் தெளிப்பது தீ விபத்தில் முடியும்.

2. கப்ளர்கள்: சென்சார், இக்னிஷன் காயில், இஞ்செக்டர் கப்ளர்கள் 'கிளிக்' என்று பூட்டியிருக்க வேண்டும்.

3. எர்த் ஒயர்: நம் பக்கம் உப்புக்காற்று. பச்சைக் களிம்பு ஏறிய முனையைச் சுத்தம் செய்து முறுக்க வேண்டும்.

4. பேட்டரி கழற்றியது, த்ராட்டில் பாடி சுத்தம் செய்தது: இவற்றுக்குப் பின் கம்ப்யூட்டர் பழைய ஐடில் அளவை மறந்திருக்கலாம், அல்லது பழைய அளவிலேயே நிற்கலாம். சில வண்டிகள் கொஞ்ச தூரம் ஓடியதும் தாமே சரியாகும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வைத்துப் புதிதாகப் பதிய வேண்டும். த்ராட்டில் ஸ்டாப் ஸ்குருவைத் திருக விடாதீர்கள்.

5. ஸ்பார்க் பிளக்: பீங்கான் பகுதியில் விரிசல் இருந்தால் மிஸ்ஸிங் வரும்.

6. டைமிங்: இஞ்சினைப் பிரித்து வேலை செய்திருந்தால், பெல்ட் அல்லது செயின் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

'செக் இஞ்சின்' விளக்கு மின்னினால் மிஸ்ஸிங் கடுமை என்று பொருள். பாரம் ஏற்றி ஓட்டினால் புகைக்குழாயில் உள்ள விலையுயர்ந்த கன்வெர்ட்டரும் கெடும்.

ஸ்கேனர் காட்டும் கோடு எண் எந்தப் பகுதியில் கோளாறு என்று சொல்லுமே தவிர, எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. எனவே எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போது இஞ்சின் குளிர்ந்த நிலையிலும், சூடேறிய பின்னும், ஹெட்லைட் போட்டும் ஐடிலில் நிறுத்திப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். மூட்டையை எடை போட்டு வாங்கும் நாம், வண்டி வேலையையும் அப்படியே சரிபார்த்து வாங்குவோம்.