மேடும் பள்ளமும் தாண்டி ஓடுவோர்

கரடுமுரடான மலைப்பாதையில் நெடுந்தூரம் ஓடும் பழக்கம் இன்று நம் இளைஞரிடையே பரவி வருகிறது. அரை மாரத்தான் எனப்படும் 21 கிலோமீட்டர் 97.5 மீட்டர் தூரத்தைச் சமதரையில் ஓடி முடிப்பதே எளிதன்று. அதையே ஏற்ற இறக்கங்களில் ஓடி முடிப்பவரை நாம் வியந்து பாராட்டுகிறோம். ஆனால், இதனினும் கடினமானதோர் ஓட்டம் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் நம் வீட்டு வாசல்களைக் கடந்து செல்வதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

சிவாலய ஓட்டத்தையே குறிப்பிடுகிறோம். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளைச் சார்ந்த பன்னிரண்டு சிவாலயங்களை, மகா சிவராத்திரியையொட்டி இந்து சமய அன்பர்கள் ஓடியும் நடந்தும் தரிசிக்கின்றனர். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கும் ஓட்டம், மார்த்தாண்டத்தை அடுத்த திக்குறிச்சி வழியாகத் திற்பரப்பு, திருநந்திக்கரை என மலையடிவாரம் நோக்கி ஏறுகிறது. பின்னர் பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு ஆகிய ஊர்களைக் கடந்து திருநட்டாலத்தில் நிறைவு பெறுகிறது. மொத்தத் தூரம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அஃதாவது, ஐந்து அரை மாரத்தான்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதற்கு ஒப்பாகும்!

காவி வேட்டியும், கையில் பனையோலை விசிறியும், இடையில் திருநீற்றுப் பையுமாகப் பலர் வெறுங்காலுடனேயே ஓடுவர். உதடுகளில் ஒலிப்பதோ, "கோவிந்தா, கோபாலா" என்னும் திருமாலின் பெயர். சிவன் கோவிலுக்குச் செல்வோர் திருமாலை அழைப்பதேன்? பாரதக் கதையோடு தொடர்புடைய மரபு இதனை விளக்குகிறது. சிவனையன்றி வேறொருவரை ஏற்காத புருஷாமிருகத்தின் முன் பீமன் கோவிந்த நாமம் சொல்லி ஓடினானாம். துரத்தப்பட்டபோதெல்லாம், கண்ணன் தந்த பன்னிரண்டு உருத்திராக்கங்களில் ஒன்றைக் கீழே இட்டானாம். விழுந்த இடந்தோறும் சிவலிங்கம் தோன்ற, மிருகம் வழிபடுவதற்காக நின்றுவிடுமாம். சிவனும் திருமாலும் வேறல்லர் என்னும் ஒற்றுமையைக் கால்களால் ஓதும் பாடம் இது எனலாம்.

மேட்டுநிலம் ஓடுபவரின் உடலைக் கடுமையாகச் சோதிக்கிறது. ஏற்றத்தில் இதயமும் நுரையீரலும் பெரிதும் உழைக்க வேண்டியுள்ளன. அனுபவமுள்ளோர் அங்கே அடியைக் குறுக்கி மெல்லச் செல்வர், தேவையெனில் நடப்பர். அது தோல்வியன்று, விவேகமே. இறக்கமோ எளிது போலத் தோன்றும். உண்மையில், உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்தும்போது தொடையின் முன்புறத் தசைகள் நீண்டுகொண்டே இறுகுவதால் அவற்றில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அடுத்த இரண்டொரு நாள் படியிறங்க முடியாமல் தவிப்பது இதனாலேயே.

வியர்வையோடு நீர் மட்டுமின்றி உப்பும் வெளியேறுகிறது. வெறும் நீரையே அளவுக்கு மீறிப் பருகினால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே, உப்பிட்ட மோரும் கஞ்சியும் அருமையான துணைகள். ஓடுபவர் தலைசுற்றி, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் உடனே நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்துக் குளிர்வித்து, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஓட்டத்தில் ஈடுபட விரும்பும் இளைஞர் பல மாதப் பயிற்சியின்றி, நண்பரின் தூண்டுதலால் மட்டும் இறங்கிவிடலாகாது. இதய நோயோ நீரிழிவோ உள்ளவர் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் இன்றியமையாதது.

இனி, நம் கடமைக்கு வருவோம். 1982-ஆம் ஆண்டு மண்டைக்காட்டில் மூண்ட கலவரம், இம்மாவட்டத்தின் இந்து, கிறிஸ்தவ மக்களிடையே ஏற்படுத்திய காயத்தை மூத்தோர் அறிவர். அத்தகைய காயங்கள் அறிக்கைகளால் மட்டும் ஆறுவதில்லை. அண்டை வீட்டாரின் அன்றாட அன்பினால் ஆறுகின்றன. ஓட்டம் நிறைவுறும் நட்டாலமே, 1712-இல் புனித தேவசகாயம் பிறந்த மண்ணன்றோ? 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது நாம் பெருமகிழ்வு கொண்டோம். ஓடுவோர் கடந்து செல்லும் கல்குளத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில்தான் அவர் பணியாற்றினார். ஆக, அவர்களது பாதையும் நமது நினைவும் ஒரே மண்ணில் பின்னிக் கிடக்கின்றன.

எனவே, பாதையோரத்தில் வாழும் குடும்பத்தினரே, அந்த நாளில் உங்கள் வாசலில் ஒரு பானை மோரும், கால் நனைக்க ஒரு வாளி நீரும், அமர ஒரு பெஞ்சும் இருக்கட்டும். பிள்ளைகளே தம் கையால் மோரை ஊற்றிக் கொடுக்கட்டும். வாகன ஓட்டிகள் இரவில் வேகத்தைக் குறைத்து ஓடுவோருக்கு வழி விடட்டும். அவர் எந்த ஆலயத்தை நோக்கி ஓடுகிறார் என்பதைத் தாகம் கேட்பதில்லை. மோர் கொடுக்கும் கையும் கேட்க வேண்டியதில்லை.